என் மனைவி, அக்ரிலிக், மூன்றடிக்கு இரண்டடி

காதர் மைதீன் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, அந்த மாதிரி ஆளும் இல்லை அவன், பதினாறு வருஷமாக இந்த அருங்காட்சியகத்துக்கு வாட்ச்மேன், கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து வைத்திருக்கிற பருந்திடம்கூடக் காலையில் சௌக்கியம் விசாரித்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பான். இருபத்தேழாம் நம்பர் படத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, "யாரு அண்ணாச்சி இது, மதினிக்குத் தங்கச்சியா? சாயல் அப்படியே இருக்கே" என்றான். படத்துக்குக் கீழே சீட்டு ஒட்டியிருக்கிறது. ஓவியர்: பூதலிங்கம். தலைப்பு: என் மனைவி. அக்ரிலிக், மூன்றடிக்கு இரண்டடி. படம் பார்க்க வருகிறவன் எவன் சீட்டைப் படிக்கிறான். அதைக் காட்டியிருக்கலாம். ஏய், உங்க மதினிதான்டே இது என்று சிரித்திருக்கலாம். நான் "ஆமா" என்றேன். என் மனைவி ஆவுடைக்குத் தங்கச்சியே கிடையாது, கூடப் பிறந்தது மூன்றும் அண்ணன்கள்.

அவன் நாற்காலி போடப் போய்விட்டான், எனக்குத்தான் கால் ஓடவில்லை. திறப்பு விழா பத்து மணி என்று போட்டிருந்தார்கள், இப்போது பத்து இருபது, சிறப்பு விருந்தினர் குற்றாலம் ரோட்டில் வந்துகொண்டிருக்கிறாராம், மைக்காரன் ஹலோ ஹலோ என்று ஊருக்கே சௌக்கியம் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆவுடை பத்தேகால் பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று போன் பண்ணினாள். பதினொன்றுக்குள் வந்துவிடுவாள். வாசலில் முதலில் நிற்பது காதர். வாங்க மதினி, உங்க தங்கச்சி படத்தப் பாத்தீங்களா என்று கேட்பான், கேட்காமல் இருக்கமாட்டான், பருந்தையே விடாதவன் மதினியை விடுவானா. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் படத்தைக் காதருடைய கண்ணால் பார்த்தேன். நல்ல படம்தான். சின்ன முக்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, சிறுகிழங்குக்குத் தோல் சீவுகிறாள். சேலை மடிப்பு சரியாக விழுந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் சரியாக விழுந்திருக்கிறது. முகம் ஒரே மாநிறம், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், கழுத்து, கை, பத்து விரலும் ஒரே மாநிறம். எங்கள் வீட்டு ஆவுடைக்கு உதட்டில் வெண்புள்ளி இருக்கிறது, கண்ணோரத்தில் இருக்கிறது, இரண்டு கை விரல்களிலும் இருக்கிறது, இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறது. படத்தில் ஒன்றுகூட இல்லை. மூன்று மாதம் வரைந்தேன், ஞாயிறு தவறாமல் மச்சில் அவளை எதிரே உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தேன், காலையில் காதர் வாயைத் திறக்கும்வரை இல்லாதது எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. யாரிடம் சத்தியம் செய்கிறேன்.

இதில் சிரிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, கிழங்கு. சிறுகிழங்கை முதலில் சாக்கில் போட்டுத் தேய்ப்பார்கள், பாதித் தோல் போய்விடும், மிச்சத்தைக் கத்தியால் சீவவேண்டும். அப்படிப் பாதித் தோல் போன கிழங்கில் பழுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக இருக்கும் பாருங்கள், அதை அச்சாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு கிழங்குக்கும் தனித்தனித் திட்டு. அதற்கே இரண்டு ஞாயிறு ஆனது. கிழங்கைப் பிடித்திருக்கிற விரலை ஒரே பூச்சாகப் பூசிவிட்டேன். கண்ணுக்கு முன்னால் இருந்ததுதானே இரண்டும். கண் பார்த்திருக்கும், கைதான் கேட்கவில்லை. அந்தக் கை முப்பத்தோரு வருஷம் ஸ்டுடியோவில் டச்சிங் பார்த்த கை. நெகட்டிவில் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு அம்மைத் தழும்பைத் தூர்ப்பேன், பிளேடு முனையால் சுரண்டி வெள்ளையை இருட்டாக்குவேன், பிற்பாடு கம்ப்யூட்டர் வந்ததும் அதே வேலையை மவுசை வைத்துக்கொண்டு செய்தேன். பொண்ணு பார்க்க அனுப்புகிற போட்டோ என்றால் என் மேஜைக்குத்தான் வரும். அப்பாமார் வந்து குனிந்து மெள்ளச் சொல்வார்கள், அண்ணாச்சி, கொஞ்சம் பாத்து. நான் அவர்களைவிட மெள்ளச் சொல்வேன், சரி பண்ணிருதேன், ஒண்ணும் தெரியாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்கிறார்களே, இந்த ஊரில் அந்த ஆயிரத்தில் தொள்ளாயிரம் என்னுடையது. பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் இதையும்.

வியர்க்கிறது. ஃபேன் சுற்றுகிறது, காற்று பக்கத்து அறைக்குப் போகிறது. பினாயிலும் பூச்சி உருண்டையுமாக ஒரு வாசனை. காப்பாட்சியர் ஜெபசீலி மேடம் கையில் பேப்பரோடு அங்குமிங்கும் போகிறார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார், அவருக்குத் தெரியாது, ஆவுடையை அவர் பார்த்ததே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்க்காரர்கள் வரைந்த படங்களை வாங்கி மாட்டுகிற பழக்கத்தை ஆரம்பித்தவர் அவர்தான். இந்த வருஷம் 'எங்கள் வீட்டில் ஒருவர்' என்று தலைப்புக் கொடுத்தார். நாற்பத்தொரு படம் வந்திருக்கிறது. ஒரு நர்ஸ் தன் மாமியாரை வரைந்திருக்கிறார், மாமியார் டிவி பார்க்கிறாள், வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, ஒரு பல் இல்லை. ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் தம்பியை வரைந்திருக்கிறார், கால் சூம்பின தம்பி, காலைத்தான் முதலில் வரைந்திருப்பார் போல, அத்தனை கவனம். கை பழகாத படங்கள், கழுத்து ஒரு பக்கம் காது ஒரு பக்கம். நேற்று மாட்டும்போது இதுகளைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். நம்ம படம் பக்கத்தில் நிற்குமா என்று நினைத்தேன். எனக்கு நேர் எதிரே ஒரு முதுமக்கள் தாழி இருக்கிறது, ஆள் உயரத்துக்கு. உடைந்து கிடைத்த துண்டுகளை ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள், துண்டு கிடைக்காத இடத்தையெல்லாம் வெள்ளைச் சாந்து வைத்து அடைத்திருக்கிறார்கள். செம்பழுப்புப் பானையில் அங்கங்கே வெள்ளை. போன மாதம் விண்ணப்பம் கொடுக்க வந்தபோது மேடத்திடம் நானாகப் போய்ச் சொன்னேன், மேடம், அசிங்கமா இருக்கே, கலர் குடுங்க, எது பானை எது சாந்துன்னு உங்களுக்கே தெரியாம செஞ்சுருதேன். அவர் சிரித்தார். "தெரியணும் சார். எது போச்சு, எது இருக்குன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியணும். மறைச்சா அது எங்க வேலையில தப்பு." தொழில் தெரியாத பிள்ளை, படித்த பிள்ளை அப்படித்தான் பேசும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஆவுடையிடமே அதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "பானைக்கே அப்படியா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அதையும் விட்டுவிட்டேன்.

எத்தனையைத்தான் விட்டிருக்கிறேன். எங்கள் மகள் உலகு பிறந்து மூன்றாம் வருஷம் மோதிர விரலில் ஒரு வெள்ளை வந்தது. தேமல் என்று கருஞ்சீரகம் அரைத்துப் போட்டோம். பிறகு டாக்டர் சொன்னார், யாருக்கும் ஒட்டாது, நோவு கிடையாது, உயிருக்கு ஒன்றும் இல்லை. ஊர் வாய்க்கு டாக்டர் மருந்து எழுதவில்லை. அப்புறம் எந்த வீட்டில் போட்டோ எடுத்தாலும் ஆவுடை யாராவது ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். உலகு கல்யாண ஆல்பத்தில் அப்படி ஒளிய முடியவில்லை, பெண்ணைப் பெற்றவள் மேடையில் நிற்கத்தானே வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு படம். யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் அவளைச் சரிபண்ணினேன். அன்பினால்தான் செய்தேன், அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். பரணில் எடுத்து வைத்தாள். எட்டு வருஷம் ஆகிறது, இறக்கவில்லை. எட்டு வருஷத்தில் எனக்கு ஒரு நாள்கூட அதில் ஒன்றும் உறைக்கவில்லை, பரணில் தூசி படாமல் இருக்கட்டும் என்று ஒரு பாலிதீன் பைகூட வாங்கிக் கொடுத்தேன். ஆல்பத்தைப் பற்றி நினைப்பது சுலபமாக இருக்கிறது. அதற்கு முந்தின கார்த்திகைதான். அது வேண்டாம். மணி பத்து நாற்பது. சிறப்பு விருந்தினர் ரயில்வே கேட்டில் நிற்கிறாராம்.

கார்த்திகையில் உலகைப் பொண்ணு பார்க்க வந்தார்கள். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு நீ இல்லாம இருந்தா நல்லது என்றேன். அப்படித்தான் சொன்னேன், இன்னும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. பரம்பரையா வரும்னு நினைச்சுருவாங்க, பேசி முடியட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம். அவள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள், கரண்டி நிற்கவில்லை. மறுநாள் விடிய எழுந்து கேசரி அவள்தான் கிண்டினாள், பஜ்ஜிக்கு மாவு அவள்தான் கரைத்தாள், உலகுக்கு அவள்தான் தலை பின்னினாள். கார் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். என் அக்கா தட்டெடுத்து வந்து கொடுத்தாள். பொண்ணுக்கு அம்மா எங்கே என்று கேட்டார்கள். அவங்க அண்ணனுக்கு உடம்புக்கு முடியல, ஊருக்குப் போயிருக்கா என்றேன், ஒரு தடுமாற்றமும் இல்லாமல். மாப்பிள்ளையின் அம்மா கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கைப்பக்குவம் யாருது என்று கேட்டார். என் அக்கா சிரித்தாள். அவர்கள் இருந்த நேரமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ஆவுடை துணி துவைக்கிற கல்லில் ஏறி நின்றுகொண்டிருந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி ஒரு வருஷம் கழித்துச் சொன்னாள், மாப்பிள்ளையின் தலைமுடி மட்டும் தெரிந்ததாம். கல்யாணத்தில் அவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒன்றுமே நடக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மருந்து எதுவும் சாப்பிடுதீங்களா மதினி என்று கேட்டார், சாப்பிட்டுப் பாத்தேன் கேக்கல என்றாள் இவள், உடனே இரண்டு பேரும் முறுக்கு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதற்காகவா அவளைக் கல்லில் ஏற்றினேன். ஒரு நாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சண்டையில்கூட. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, கத்தி, அது தீர்ந்திருக்கும்.

பைக்குள் வெள்ளை டியூப் கிடப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளைச் சட்டத்தில் கீறல் விழுந்தால் தொட்டுக்கொள்ள இருக்கட்டும் என்று டியூபும் ஒரு சின்னப் பிரஷும் போட்டு வந்திருந்தேன். அக்ரிலிக் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். அவள் வர இருபது நிமிஷம் இருக்கிறது. எல்லோரும் வாசலில் விருந்தினரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், இந்தப் பக்கம் ஈ காக்கை இல்லை. எழுந்து போனேன். திருடப் போகிற மாதிரி. டியூபைப் பிதுக்கிப் புறங்கையில் வைத்துக்கொண்டேன், பிரஷைத் தொட்டேன், உதட்டுக்கு நேரே கொண்டுபோனேன். எங்கே வைப்பது? மேலுதட்டில்தான். இடப்பக்கமா, வலப்பக்கமா? கண்ணோரத்தில் இருப்பது எந்தக் கண்? இரண்டிலுமா? மோதிர விரல் தெரியும், அது முதலில் வந்தது, மற்ற விரல்களில் நகத்தோடு நிற்கிறதா, கணு வரைக்கும் ஏறியிருக்கிறதா? கண்ணை மூடி அவளை நினைத்துப் பார்த்தேன். ஆல்பத்து முகம் வருகிறது. நான் சரிபண்ணின முகம். பத்திரப் பதிவாளர் மகளுக்குக் கீழுதட்டுக்கு வலப்பக்கம் ஒரு மிளகளவு மச்சம், அதை எடுத்து இருபத்தைந்து வருஷம் இருக்கும், இப்போது கேட்டாலும் இடத்தைக் காட்டுவேன். அரிசிக் கடைக்காரர் பையன் புருவத்துத் தழும்பு எத்தனை தையல் என்று சொல்வேன். தினமும் எனக்குச் சோறு போடுகிற கை எங்கே வெளுத்திருக்கிறது என்று தெரியவில்லை. மூன்று மாதம் எதிரே உட்கார்ந்திருந்தாள், ஞாயிறு தோறும், ஆடாமல் அசையாமல். முதல் நாள் உட்காரும்போது, "என்னையவா? நல்லாப் பாத்து வரைங்க" என்றாள். முடிஞ்ச பிறகு பாக்குதேன், இப்பக் காட்டாதீங்க என்றாள். எதற்காக அப்படிச் சொன்னாள் என்பது பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது புரிந்தது. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். புறங்கையில் வைத்த வெள்ளை காய்ந்து தோலைப் பிடித்து இழுத்தது.

அவள் பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டாள். கத்தரிப்பூக் கலர்ச் சேலை, உலகு தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள், காதர், போட்டுட்டே வாங்க மதினி, இது கோயிலா என்றான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வலப்பக்கம். மேலுதட்டில் வலப்பக்கம், பிறகு கீழுதட்டில் நடுவில் கொஞ்சம். கண்ணில் இடது கண், வால் பக்கம். தெரிந்துகொண்டேன், முப்பது அடி தூரத்திலிருந்து தெரிந்தது.

"தங்கச்சி படத்தப் பாக்க வந்தீங்களா?" என்றான் காதர். "அண்ணாச்சி அச்சா எழுதியிருக்காரு."

"எந்தத் தங்கச்சி?"

"ஒங்க தங்கச்சிதான். இந்தா, இருபத்தேழு. அண்ணாச்சிதான் சொன்னாரு."

ஆவுடை என்னைப் பார்த்தாள். நான் தாழியைப் பார்த்தேன். அவள் படத்துக்குக் கிட்டே போனாள், முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் கையைத்தான் பார்த்தாள். தன் கையை அதற்கு நேரே தூக்கிப் பிடித்தாள், தொடவில்லை. பிறகு முகம். கிழங்கில் கொஞ்ச நேரம் நின்றாள். குனிந்து சீட்டை வாய்விட்டுப் படித்தாள், எழுத்துக் கூட்டி, என் மனைவி. நிமிர்ந்து காதரிடம் திரும்பினாள்.

"தங்கச்சி இல்ல தம்பி," என்றாள். "சக்களத்தி."

காதர் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு ஜெபசீலி மேடம் வந்தார், அம்மாதானா, வாங்கம்மா, வாங்கம்மா என்று கையைப் பிடித்தார். பிடித்த கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. பத்திரிகையிலிருந்து வந்திருந்த போட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட்டு, விருந்தினர் வர்றதுக்குள்ள இவங்களை ஒண்ணு எடுத்துருங்க, படத்தோட என்று மட்டும் சொன்னார். ஆவுடை யார் முதுகுக்குப் பின்னால் போகப்போகிறாள் என்று பார்த்தேன். போகவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போய் நேராக நின்றாள், சேலைத் தலைப்பைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. நான் படத்துக்கு அந்தப் பக்கம் நின்றேன். தம்பி கேமராவுக்குள் பார்த்தான், தலையைத் தூக்கினான், என் பக்கம் வந்து குனிந்தான். அந்தக் குரல் எனக்குத் தெரியும், முப்பத்தோரு வருஷம் என் குரல் அது.

"அம்மா முகத்த மட்டும் லேசா சரி பண்ணிருதேன் சார். பேப்பர்ல ஒண்ணும் தெரியாது."

வேண்டாம் என்றேன். சத்தம் வரவில்லை. தம்பி சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டான். "வேண்டாம்!" என்றேன் மறுபடியும், இந்தத் தடவை வந்தது, ஹாலே அதிர வந்தது. "ஒண்ணும் பண்ணவேண்டாம்! அப்படியே இருக்கட்டும்!" மைக்காரன் ஹலோவை நிறுத்தினான். வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். எதை ஒன்றும் பண்ணவேண்டாம் என்று தேடினார்கள், தேடி, ஆவுடையின் உதட்டில் வந்து நின்றார்கள். ஒளித்து வைத்ததும் நான், இப்போது ஊரைக் கூட்டிக் காட்டிக் கொடுத்ததும் நான்.

"என்னத்துக்குக் கத்துதீங்க?" என்றாள் ஆவுடை. கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, உப்பு கொஞ்சம் குறைச்சல் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"இத உலகைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்."

கேமரா கிளிக் என்றது. தம்பி ஸ்கிரீனைப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"சார் கண்ணை மூடிட்டாரு. இன்னொண்ணு எடுத்துருவமா?"

"வேண்டாம் தம்பி," என்றாள் ஆவுடை. "அப்படியே இருக்கட்டும்."